நாலாவது மூக்கு

அத்தியாயம் ஒன்பது

“உங்க தம்பிகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தீங்களா?”

“எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை கிடையாதுங்க.”

“ஒரே சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே இருக்காரு. கூப்பிட்டாலே கேக்குமே.”

“கேக்குமுங்க. அதனாலதான் நாங்க வூட்டுக்குள்ளகூட மெதுவாப் பேசறது.”

போன வாரம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், பேக்கரி மாடியில் இருக்கும் தன் அலுவலகத்தில் பூவரசனோடு பேசிய பேச்சு இது. மணிமேகலைக்கு இப்போது அது ஒரு வரி மாறாமல் நினைவுக்கு வந்தது. ஏனென்றால் அவள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். நின்றிருந்த அறையின் கதவு வெளியே தாழிடப்பட்டிருந்தது.

“மேடம், காத்துல சாத்திக்கிச்சோ என்னவோ,” என்றான் ஆமிர்.

“காத்து சாத்தினா தாழ்ப்பாள் டக்குன்னு விழும். இது பாதி விழுந்து, நின்னு, அப்புறம் மீதி விழுந்துச்சு. யோசிச்சுத்தான் சாத்தியிருக்காங்க.”

“நல்லவங்கதான் போல. யோசிக்காமகூட சாத்துவாங்க சில பேரு.”

ஆமிர் பாலக்கோட்டுக்காரன். பைக் மெக்கானிக்காக இருந்து, மணிமேகலையின் ஸ்கூட்டரைச் சரிபண்ண வந்து, அப்படியே உதவியாளனாக ஒட்டிக்கொண்டவன். சம்பளம் ஏற்றிக் கேட்கும்போது தவிர மற்ற எல்லா நேரமும் வாய் ஓயாது. மணிமேகலை அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் க்ளெய்ம்களைத் துருவிக்கொண்டிருந்தவள். எரிந்துபோனதாகச் சொல்லப்பட்ட கடைகளையும் செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மாடுகளையும் உயிரோடு கண்டுபிடித்துக் கண்டுபிடித்து, இந்தத் துப்பறியும் தொழிலுக்கு வந்தாள்.

அறை சின்னது. மாரண்டஹள்ளியிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில், பூவரசன் நடத்தும் இளம்புழு மையம் அது. பட்டுப்புழு முட்டை பொரிந்து இரண்டு தோல் உரிக்கும்வரை குஞ்சுகளை இங்கே வளர்த்து, சுற்றுவட்டாரத்து விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். சுவர் முழுக்கத் தெர்மாகோல், அதன்மேல் வெள்ளித்தாள். ஜன்னல் உண்டு, ஆனால் திறக்காது. கதவு ஓரமெல்லாம் ரப்பர். எறும்பும் பல்லியும் நுழையக்கூடாது என்று செய்தது, மனிதர்கள் வெளியேறவும் வழியில்லாமல் ஆகிவிட்டது. உள்ளே வரும்போது பிளீச்சிங் தண்ணீரில் காலை நனைத்து, செருப்பையும் போனையும் வெளியே வைத்துவிட்டு வரவேண்டும் என்பது சட்டம். வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

ஆமிர் கதவைத் தட்டக் கை ஓங்கினான். மணிமேகலை தடுத்தாள். தட்டுகளில் புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நின்றன. தோல் உரிப்பதற்கு முந்தைய தூக்கம். இந்த நேரத்தில் தட்டு அதிர்ந்தால் பாதி தேறாது என்று காலையில் பூவரசனின் மனைவி காவேரி சொல்லியிருந்தாள்.

“புழு தூங்குது, நாம புழுங்கறோம்,” என்று ஆமிர் கையை இறக்கினான். சட்டை அவன் முதுகில் ஒட்டியிருந்தது. அறையில் சூடும் ஈரமும் ஒரே அளவில் இருக்கவேண்டும் என்று ஒரு மூலையில் ஹீட்டர் முனகிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தால் பாதித் தண்ணீராக உள்ளே போனது.

மணிமேகலைக்கு வியர்வையைவிட நேரம்தான் கவலையாக இருந்தது. பூவரசன் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போயிருந்தார். சட்டைப் பையில் தம்பி முருகேஷ்மேல் எழுதிய புகார். போகும்போது, நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை போன் பண்ணுங்க, குடுத்துடறேன் என்றார். போன் வரவில்லை என்றால் நேரில் வந்து கேட்டுக்கொண்டு மறுபடி போவார். அவர் விடுகிற ஆள் இல்லை. புகார் உள்ளே போய்விட்டால் அண்ணன் தம்பி இரண்டு பேரும் இனி கோர்ட்டில்தான் முகம் பார்த்துக்கொள்வார்கள்.

சண்டையின் கதை ஊருக்கே தெரிந்தது. பாகம் பிரித்தபோது வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்கினார்கள். கிணறும் தண்ணீர்த் தொட்டியும் பொது. ஆனால் மோட்டார் ரூம் தம்பி பக்கம் விழுந்தது. அப்போது ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள். புழு அறைக்குப் பனிபோலத் தண்ணீர் தூவும் டியூப்களை மாட்டிக்கொடுத்ததே முருகேஷ்தான். பிறகு ஒருநாள் அவன் தக்காளிக்கு மருந்தடித்தான். காற்று திரும்பி, மருந்து அண்ணனின் மல்பெரித் தோட்டத்தில் இறங்கியது. அந்த இலையைத் தின்ற புழுக்கள் பச்சையாய்க் கக்கிச் செத்தன. காற்றுமேல் குற்றம் என்றான் தம்பி. வேண்டுமென்றே அடித்தாய் என்றார் அண்ணன். அன்றோடு பேச்சு நின்றது. ஆண்கள் பேசாவிட்டால் அந்த வீட்டுப் பெண்களும் பேசக்கூடாது. அதைத் தனியாக யாரும் சொல்லவேண்டிய அவசியம்கூட அங்கே இல்லை.

இப்போது புழுக்கள் மறுபடி சாகின்றன. மருந்தால் இல்லை, தண்ணீரால்.

கூரையிலிருந்து நாலு மூலைக்கும் நாலு ரப்பர் டியூப் தொங்கின. நாலும் தனித்தனியாகச் சுவரைத் துளைத்து முருகேஷின் மோட்டார் ரூமுக்குப் போகின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பீங்கான் குழாய். பித்தளை போட்டால் பிளீச்சிங் தின்றுவிடும் என்று பீங்கான். வீட்டில் அதை மூக்கு என்றுதான் சொன்னார்கள். மூக்கு இருந்தால் தண்ணீர் பனியாய்ச் சிதறும். மூக்கு கழன்றால் குடம் சாய்ந்ததுபோலக் கொட்டும், கீழே இருக்கிற தட்டு முழுகிவிடும். மூன்று மூக்கும் ஒழுங்காக இருக்க, சுவரோரத்து நாலாவது மூக்கு மட்டும் திரும்பத் திரும்பக் கழன்றது. விவசாயிகள் வேறு மையம் தேட ஆரம்பித்துவிட்டார்கள். மோட்டார் ரூம் தம்பி கையில் இருப்பதால், இது அவன் வேலைதான் என்று பூவரசன் நம்பினார்.

கதவு சாத்தப்படுவதற்குச் சற்று முன்புதான் மணிமேகலை அந்த நாலாவது டியூபின் நுனியை விரலால் தடவி, முகர்ந்து, ‘எண்ணெய்’ என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்போது வாசலில் காவேரி நின்றிருந்தாள். அடுத்து அந்தத் தாழ்ப்பாள்.

“டியூப்ல பீங்கானை ஏத்தறது லேசு இல்ல மேடம்,” என்றான் ஆமிர். “கிளிப் போட்டு முறுக்கினா பீங்கான் விரிஞ்சிடும். பசை தடவினா நாத்தம். அதனால சோப்புத் தண்ணில முக்கி வழுக்கவிட்டு ஏத்திடுவாங்க. சோப்பு காஞ்சதும் ரப்பர் கப்புனு புடிச்சுக்கும். பைக்ல பெட்ரோல் டியூபே நான் அப்படித்தான் மாட்டுவேன்.”

“எண்ணெய் தடவி ஏத்தினா?”

“ஏறும். அத விட லேசா இறங்கும். எண்ணெய் எங்க காயப்போவுது?” சொல்லிவிட்டு அவனே உற்சாகமானான். தம்பிக்காரன் எண்ணெய் தடவிவிட்டான், கேஸ் முடிந்தது, கதவைத் திறந்தால் போய் பரோட்டா சாப்பிடலாம் என்றான்.

முருகேஷுக்கு இந்த அறைக்குள் வர வழியில்லை என்று மணிமேகலை நினைவூட்டினாள். எண்ணெய் இருப்பது இந்தப் பக்கத்து நுனியில். தினமும் உள்ளே வருவது இரண்டே பேர். காவேரி, பிறகு இலை நறுக்கிப் போடும் குள்ளம்மாள்.

“அப்ப குள்ளம்மாள்.”

“எண்ணெயை மோந்து பாரு.”

அவன் டியூபின் நுனியை இழுத்துப் பிடித்து முகர்ந்தான். முகம் மாறியது. சமையல் எண்ணெய் இல்லை, மோட்டார் ஆயிலும் இல்லை. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய தலை எண்ணெய். குள்ளம்மாள் போன வாரம்தான் வேண்டுதலுக்கு மொட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்ததே தவிர எண்ணெய் இல்லை.

இதே வாசனையைக் காலையில் டீ டம்ளரோடு சேர்த்து வாங்கியது ஆமிருக்கு நினைவிருந்தது. டீ கொடுத்த காவேரி, நல்ல கொத்தனார் யாராவது தெரியுமா தம்பி என்று அவனிடம் தணிந்த குரலில் கேட்டாள். அவன் பதில் சொல்வதற்குள் பூவரசன் வந்துவிட, சர்க்கரை போதுமா என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

“தன் புழுவைத் தானே கொல்லுவாங்களா மேடம்? புருஷன்மேல அவ்வளவு கோவமா?”

“கோவக்காரங்க தட்டை எடுத்து வீசுவாங்க. இப்படி உக்காந்து எண்ணெய் தடவ மாட்டாங்க. டியூபைப் பாரு. உள்ள மட்டும் இல்ல, வெளி விளிம்பு சுத்தியும் எண்ணெய். ஒரு முடிகூட ஒட்டியிருக்கு. மத்த மூணும் ஒரே நீளம். இது மட்டும் ஒரு முழம் கம்மி. நுனி இளக இளக யாரோ நறுக்கி நறுக்கித் திரும்ப மாட்டியிருக்காங்க. கெடுக்க நினைக்கறவங்க ரிப்பேர் பண்ணுவாங்களா?”

ஆமிர் டியூபை நிமிர்ந்து பார்ப்பதற்குள் சுவருக்கு அப்பால் மோட்டார் உறுமியது.

மூன்று மூலைகளிலும் வெள்ளைப் பனி கிளம்பியது. நாலாவதிலும் கிளம்பியது, ஆனால் பீங்கான் மெல்ல மெல்ல, பால் பல் ஆடுவதுபோல ஆடிக்கொண்டே கீழே நழுவியது. மணிமேகலை “ஆமிர்” என்று சொல்லி முடிப்பதற்குள் மூக்கு கழன்று விழுந்தது. அவன் ஒரு கையால் அதைப் பிடித்தான், மறு கையின் கட்டைவிரலால் டியூபின் வாயை அடைத்தான். தண்ணீர் விரலிடுக்கில் பீய்ச்சி அவன் முகம், தாடி, சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. கீழே தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. கொல்ல வந்தவர்களைப் பிடிக்கத்தானே வேலைக்குச் சேர்ந்தேன், புழுவுக்குக் குடை பிடிக்கவா என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான்.

மோட்டார் நின்றது. டியூபில் மிச்சத் தண்ணீர் களக்களக்கென்று பின்வாங்கும் சத்தம்.

பிறகு ஆமிரின் கட்டைவிரலுக்கு அடியில் ஏதோ குறுகுறுத்தது. அவன் விரலை எடுத்தான்.

“மேடம்,” என்றான் மிக மெதுவாக, “குழாய் பேசுது.”

மணிமேகலை டியூபை வாங்கி நுனியைக் காதில் பொருத்தினாள். அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நுனி சரியாக ஒரு காதின் அகலம். தன் காது மடலில் எண்ணெய் பிசுபிசுப்பதை உணர்ந்தாள். யாரும் எண்ணெய் தடவவில்லை. எண்ணெய் வைத்த தலையோடு ஒருத்தி தினமும் இங்கே காது வைத்திருக்கிறாள்.

“அக்கா, லைன்ல இருக்கியா? ஏன் இன்னிக்கு ஊதவே இல்ல?” ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. “அந்தத் துப்பறியற அம்மா போயிட்டாங்களா? கூட வந்த தாடிக்காரன் டீ குடிக்கறதுக்கு வந்தவன் மாதிரியே இருக்கான், மாடியில இருந்து பார்த்தேன். அக்கா, எனக்குப் பயமா இருக்குது. மாமா ஸ்டேஷனுக்குப் போறாரு, இவரு இங்க கைய முறுக்கிக்கிட்டு உக்காந்திருக்காரு. நீ கேட்டியா இல்லியா? எத்தன நாளாச் சொல்றேன், ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து கேளுக்கா. அடிச்சா அடிக்கட்டும்.”

முருகேஷின் மனைவி யுவராணி.

மணிமேகலை ஒரு விநாடி தயங்கினாள். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தால் இன்னும் நிறையத் தெரியும். தொழில் அதைத்தான் சொன்னது. ஆனால் காவேரிக்காக வைத்திருந்த வார்த்தைகளைத் திருடிக் கேட்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

“யுவராணி, நான் காவேரி இல்ல,” என்று டியூபுக்குள் சொன்னாள். “பயப்படாதீங்க.”

அந்தப் பக்கம் அழுகை வெடித்தது. அழுகைக்கு நடுவே கதை துண்டு துண்டாய் வந்தது. மருந்தால் புழு செத்த அன்று மோட்டார் ரூமில் சுவருக்குள் யாரோ அழுவதுபோலக் கேட்டதாம். டியூபைப் பிடுங்கிப் பார்த்தால், நுனியில் அக்கா. செத்த புழுக்களைக் கூட்டி அள்ளிக்கொண்டு, யாரும் பார்க்காத இடம் என்று இந்த அறையில் அழுதிருக்கிறாள். எங்க மேலதான் தப்புக்கா என்று யுவராணி டியூபில் முதல் வார்த்தை சொன்னாளாம். அதிலிருந்து மோட்டார் நின்றதும் இவள் இங்கே மூக்கைக் கழற்றி ஊதுவாள், அவள் அங்கே டியூபைக் கழற்றிக் காது வைப்பாள். இரண்டு பேருக்கும் அந்த வீட்டில் பேச வேறு ஆள் இல்லை.

கதவு வெளியே தாழிட்டிருக்கிறது, வந்து திறக்க முடியுமா என்று மணிமேகலை கேட்டாள். அதற்கு வந்த பதில் ஆமிருக்கும் கேட்டது. அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று முருகேஷ் தன் குழந்தை தலையில் அடித்து யுவராணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

“நாம உள்ள மாட்டிக்கிட்டோம்னு நினைச்சேன் மேடம்,” என்றான் ஆமிர். “இங்க வெளிய இருக்கறவங்கதான் ரொம்ப மாட்டியிருக்காங்க.”

மணிமேகலை கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தாள். ரப்பருக்கும் தரைக்கும் நடுவே நூல் அளவு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தை ஒரு நிழல் மறைத்துக்கொண்டிருந்தது. தாழிட்டவள் எங்கும் போகவில்லை. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“காவேரி, எண்ணெய் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்,” என்று மணிமேகலை அந்த இடுக்கில் சொன்னாள். “அதனாலதான் மூக்கு கழலுதுன்னு உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சிருக்கு. இல்லையா?”

நிழல் எழுந்தது. பிறகு தாழ்ப்பாள், சாத்தப்பட்டது போலவே, பாதி நகர்ந்து, நின்று, மீதி நகர்ந்தது.

காவேரியின் கண் இமை வீங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டுத்தானே மாட்டினேன் என்றாள். மூக்கு இறுகப் பிடிக்காத மாதிரி இருந்தால் நுனியை நறுக்கிவிடு அண்ணி என்று கொழுந்தன் எப்போதோ சொல்லிக்கொடுத்தபடி நறுக்கியும் மாட்டினாளாம். அத்தனை புழுவையும் கொன்றது தன் தலை எண்ணெய்தான் என்று மணிமேகலை முகர்ந்த நிமிஷத்தில் புரிந்தது, கை தானாகக் கதவைச் சாத்திவிட்டது. சொல்லிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“அவருகிட்ட சொல்லிடாதீங்க. அந்த ஓட்டையையும் அடைச்சிடுவாரு. அதுக்கப்பறம் எனக்கு இந்த வூட்டுல யாரு இருக்காங்க?”

“தம்பிமேல தப்பு இல்லன்னு நான் சொல்லியே ஆகணும். எப்படின்னு அவர் கேப்பாரு. பொய் சொல்ல எனக்கு வராது.” மணிமேகலை அவள் கையைப் பிடித்து இறக்கினாள். “ஆனா நான் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லலாம்.”

பைக் சத்தம் வாசலில் வந்து நின்றது.

பூவரசன் கால் நனைக்காமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் அறை வாசல்வரை வந்தார். போன் ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். நனைந்த கோழியாக நின்ற ஆமிரைப் பார்த்தார், அவன் கையிலிருந்த பீங்கானைப் பார்த்தார். முகம் சிவந்தது. சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார்.

“மறுபடி கழண்டுச்சா? அவன்தானுங்களே? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

மணிமேகலை மூலைக்குப் போய் நாலாவது டியூபைப் பிடித்தாள். அதை அவர் பக்கம் நீட்டினாள். அவர் புரியாமல் உள்ளே வந்து வாங்கி, அவள் சைகை காட்டியபடி காதில் வைத்தார்.

அறையின் அமைதியில் அந்தக் குரல் மற்றவர்களுக்கும் கொசு பறப்பதுபோலக் கேட்டது. “அக்கா, கதவு தொறந்துச்சா? நீ அழுவாத. எல்லாத்தையும் நான்தான் ஆரம்பிச்சேன்னு மாமாகிட்ட சொல்லிடு. அவரு நேத்து சரியாச் சாப்பிடலன்னியே, மொதல்ல களி கிண்டிப் போடு, அப்பறம் சொல்லு.”

பூவரசன் டியூபைக் காதிலிருந்து எடுத்தார். அதன் வாயைப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார். அவர் காது மடலில் எண்ணெய் மினுங்கியது. மனைவியின் தலையில் தினமும் முகர்கிற வாசனை அது. தெரியாமல் போகுமா? அவர் கண் மெல்லத் திரும்பிக் காவேரியிடம் வந்து நின்றது. ஆமிர் பீங்கானைச் சட்டையில் துடைப்பதுபோலத் தலையைக் குனிந்துகொண்டான்.

“எவ்வளவு நாளா?” என்றார் பூவரசன்.

காவேரி ஒருமுறை மணிமேகலையைப் பார்த்தாள், ஒருமுறை தட்டில் தலை தூக்கி நிற்கும் புழுக்களைப் பார்த்தாள். பிறகு நடந்துபோய், நாலு டியூபும் நுழைகிற அந்தச் சுவரில், வெள்ளித்தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“என்னங்க, இந்தச் சுவத்துல எனக்கு ஒரு கதவு வெச்சுக் குடுங்க.”